மூணாவது கட்டம்

கையெழுத்துதான் சார், வேற ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க, ஜாமீன் கையெழுத்து இல்ல. எலெக்‌ஷனும் இல்ல. கோயில் சேகரக் கமிட்டிக்கு நிக்கிற ஆசையெல்லாம் எனக்குப் போயிட்டு. ஒரு நோட்டு கொண்டாந்திருக்கேன், அதுல ஒரு கட்டம் காலியாக் கெடக்கு, அந்தக் கட்டத்துல ஜேசுபாதம்னு ஒரு கோடு இழுத்தீங்கன்னா வேலை முடிஞ்சிட்டு. படிச்சுப் பாக்காம போட மாட்டீங்களா? அதான பாத்தேன். நீங்க மாறவே இல்ல சார். பாட்டுத் தாளையே மூணு தடவ படிச்சுப் பாத்துட்டுத்தான க்வயர்ல எங்க கையில குடுப்பீங்க.

படிங்க, ஆனா இப்பம் வேண்டாம். மொதல்ல நான் சொல்லுததக் கேட்டுருங்க. நீங்க ஏன் நிக்கீங்க, உக்காருங்க சார். டீ எதுக்கு இப்பம்? நீங்களே போட்டீங்களா? அக்கா எங்க? ஓ, மக பெனிஷா பேறுகாலத்துக்குக் கோயம்புத்தூர் போயிருக்காங்களா. சந்தோஷம் சார். அப்பம் வீட்டுல நீங்க மட்டும்தான். அதுவும் நல்லதுதான். இல்ல, சும்மா சொன்னேன்.

பாத்ததும் ஜெபசிங்கான்னு கேட்டீங்க பாருங்க, எனக்கு என்னமோ போல ஆயிட்டு. இருபத்திமூணு வருஷம் ஆச்சு சார். முடி போயிட்டு, பல்லு ரெண்டு போயிட்டு, ஹார்பர்ல ரிட்டயர்மென்ட்டும் குடுத்துட்டாங்க. க்வயர்ல கடைசி வரிசைல ஓரத்துல நிக்க ஆள எவன் ஞாபகம் வச்சிருப்பான்? நீங்க புதுக்கோட்டைல வீடு கட்டி வந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டு வருஷம் எட்டு இருக்குமா? அந்த ஜில்லா புதுக்கோட்டைன்னாலும் சரி, இது தூத்துக்குடில இருந்து இந்தா இருக்கு, ஒரு டவுன் பஸ் தூரம். போய்ப் பாக்கணும்னு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நெனைப்பேன். நெனைச்சதோட சரி.

விஷயத்துக்கு வாரேன். நம்ம கோயில்ல வேதாகமத்த ஒரு வருஷத்துல முழுசா வாசிச்சு முடிக்கவங்களுக்குப் பரிசு குடுப்பாங்கல்லா. நீங்க போன பெறகு ஆரம்பிச்சதா? அப்படித்தான் இருக்கும். ஆளுக்கொரு அட்டை குடுப்பாங்க சார். ஆயிரத்து நூத்தி எம்பத்தொம்பது கட்டம். ஒரு அதிகாரம் வாசிச்சா ஒரு டிக். அதுல பதினோரு வருஷம் மொதப் பரிசு யாருக்குன்னு நெனைக்கீங்க? இந்தா உங்க முன்னால உக்காந்திருக்க ஆளுக்குத்தான். வீட்டுக்கு வந்தா காட்டுதேன். சில்வர் குடம் ரெண்டு. ஹாட்பாக்ஸ் நாலு. ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டு நிக்க இயேசு படம் போட்ட சுவர்க் கடிகாரம் மூணு, மூணும் மூணு நேரம் காட்டும். ஒரு வருஷம் மிக்சி. இன்னொரு வருஷம் என்னத்தக் குடுத்தாங்கன்னா, ஒரு வேதாகமத்தக் குடுத்துட்டாங்க. அந்த ஒரு வருஷம்தான் சார் எனக்கு ரொம்ப வருத்தம்.

எப்படி முடிஞ்சுதுன்னு கேக்கீங்களா? நான் பாத்த வேலை என்ன சார்? டாலி கிளார்க்கு. கப்பல்ல இருந்து முந்திரிக்கொட்டை மூட்டை இறங்குதுன்னு வைங்க, நாலு குத்துக் கோடு, குறுக்க ஒண்ணு, அஞ்சு. திரும்ப நாலு, குறுக்க ஒண்ணு. மூட்டைக்குள்ள முந்திரி இருக்கா மண்ணு இருக்கான்னு டாலி கிளார்க்கு பாக்க மாட்டான். பாக்கவும் கூடாது, பாத்தா எண்ணிக்கை தப்பிரும். முப்பத்தஞ்சு வருஷம் பழகின கையில்லா. வேதத்தையும் அப்படியே இறக்கிட்டேன். நாளாகமத்துல இன்னார் இன்னாரப் பெத்தான்னு பேரு பேரா வருமே, எல்லாரும் அங்கனதான் முக்கிட்டு நிப்பாங்க. எனக்கு அது அல்வா. ஒரு மூச்சுல நாலு அதிகாரம் போயிரும். லேவியராகமத்த ஹார்பர் பஸ்ஸுலயே முடிச்சேன். புலம்பல கிரிக்கெட் மேட்ச் பாத்துக்கிட்டே முடிச்சேன். அன்னைக்கு நம்ம ஆளுக தோத்துட்டதால பொருத்தமாத்தான் இருந்துது.

ஞானதீபம் கேப்பா, எம் பொண்டாட்டி. இன்னைக்கு என்ன வாசிச்சீங்கம்பா. ஏழு அதிகாரம்பேன். என்னன்னு கேட்டேன், எத்தனைன்னு கேக்கலம்பா. அவ ஒருத்தி, ஒரே சங்கீதத்த விரிச்சு மடியில போட்டுக்கிட்டு ஒரு மாசம் உக்காந்திருப்பா. ஏளா, பின்தங்கிட்டியேன்னு நான் கேலி பண்ணுவேன். விடிஞ்சா நூத்திநாப்பது பேருக்கு ரோஜாப்பூ போட்ட வசனம் வாட்ஸ்அப்புல அனுப்பிட்டுத்தான் நான் பல்லே தேய்ப்பேன். சபைல எம் பேரு என்ன தெரியுமா? வேதச் சிங்கு. பட்டப்பேருதான், ஆனா நான் கேலியா எடுத்துக்கல.

இப்படி இருக்கும்போது, இந்த வருஷம் ஜனவரில புது ஐயரு வந்தாரு. முப்பத்திரண்டு வயசு. பைக்குல வாராரு. அங்கியப் போட்டாத்தான் போதகருன்னு தெரியும், இல்லன்னா கொரியர் குடுக்க வந்தவருன்னு நெனைச்சிருவீங்க. வந்ததும் மொத வேலையா அந்த அட்டைய நிறுத்திட்டாரு. பதிலுக்கு ஆளுக்கொரு நோட்டு. பக்கத்துக்கு மூணு கட்டம். வாசித்தது, யோசித்தது, செய்தது. என்ன வாசிச்சோம்னு மொதக் கட்டத்துல. அதப் பத்தி என்ன யோசிச்சோம்னு ரெண்டாவதுல. அதனால என்ன செஞ்சோம்னு மூணாவதுல. அதுலயும் யாருக்குச் செஞ்சமோ அந்த ஆளு பக்கத்துல கையெழுத்துப் போடணும். வீட்டு ஆளு போட்டா செல்லாது.

பாதிச் சனம் நோட்ட வாங்கவே இல்ல. நான் கேட்டேன், ஐயரே இது என்ன ரேஷன் கடையா, கைரேகை வச்சாத்தான் சாமான் குடுப்பேன்னு சொல்லுததுக்குன்னு. சிரிச்சாரு. சரி, பரிசு உண்டா இல்லியான்னு கேட்டேன். வேதாகம ஞாயிறு அன்னைக்கு உண்டுன்னாரு. எனக்கு அது போதும். ரெண்டு நோட்டாக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன், ஒண்ணு பத்தாதுன்னு.

மொதல்ல நல்லாத்தான் சார் ஓடுச்சு. ஆதியாகமத்துல ஆபிரகாம் வழிப்போக்கங்க மூணு பேரக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுதாரு இல்லியா. அதையே செஞ்சிருவோம்னு வாசல்ல போய் நின்னேன். மத்தியான வெயில்ல எவன் வருவான்? கடைசில கேஸ் சிலிண்டர் கொண்டாந்தவரு, கேபிள்காரரு, எதிர்த்தாப்புல மளிகைக் கடை மந்திரமூர்த்தி அண்ணாச்சி. மூணு பேரையும் உக்கார வச்சு மீன்குழம்பு ஊத்தினோம். சாப்பிட்டதும் நோட்ட நீட்டினேன். அண்ணாச்சி எச்சிக் கையோட அப்படியே இருந்துட்டாரு. ஜெபசிங்கு, மதம் மாத்துத கையெழுத்தா இதுங்காரு. இல்ல அண்ணாச்சி, மீன் தின்ன கையெழுத்துன்னேன். கண்ணாடியப் போட்டு அட்டையில இருந்து படிச்சுட்டு, குழம்புல புளி கூடன்னு எழுதி அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டாரு. அது இப்பமும் இருக்கு, காட்டுதேன்.

பெறகு லேவியராகமம். வயலோட ஓரத்த அறுக்காம ஏழைகளுக்கு விட்டுரணும்னு இருக்கு. எனக்கு ஏது வயலு? முத்தத்துல ஒரு முருங்க மரம்தான் நிக்கி. பக்கத்து வீட்டு இசக்கித்தாயக் கூப்பிட்டு, தெருப்பக்கம் சாஞ்ச கொப்புல உள்ளதெல்லாம் உனக்குத்தான் பறிச்சுக்கோன்னு பெரிய மனுசன் மாதிரி சொன்னேன். அவ சொல்லுதா, ஏழு வருஷமா நான்தான பறிக்கேன்னு. சந்தோஷமாக் கையெழுத்தப் போட்டுட்டு, அன்னைல இருந்து உள்பக்கக் கொப்புலயும் கைய வச்சிட்டா.

சிரிச்சிட்டீங்க. நீங்க சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு.

ஆனா சார், மூணாவது கட்டத்த எப்படியும் ஒப்பேத்திரலாம். ரெண்டாவதுதான் ஆள மாட்டி விட்டுட்டு. யோசித்ததுன்னு எழுதணும்னா யோசிக்கணும்லா? நான் மொதல்ல பத்து நாளும் நல்ல அதிகாரம், நல்ல அதிகாரம்னு எழுதிக் குடுத்தேன். ஐயரு பென்சிலால பக்கத்துல, எதுல நல்லது? அப்படின்னு ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பிட்டாரு. போயும் போயும் இதுக்காகத் திரும்ப வாசிச்சேன். வாசிச்சா, பதினோரு தடவ டிக் போட்ட அதிகாரம் சார், எனக்கு ஒண்ணுமே தெரியல. ஆபிரகாம் எம் பொண்டாட்டி இல்ல, தங்கச்சின்னு சொல்லித் தப்பிச்சாராம். ரெண்டு தடவ! எனக்கு அது இப்பம்தான் தெரியும். யாக்கோபு தகப்பன் கண்ணு தெரியாம இருக்கதப் பாத்து ஏமாத்திட்டான். இவங்கல்லாம் இப்படியாப்பட்ட ஆளுகளான்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. மூட்டையப் பிரிச்சுப் பாக்க ஆரம்பிச்சேன்னு வைங்க. அதோட எண்ணிக்கை போச்சு. ஒரு அதிகாரத்துக்கு ஒரு வாரம் ஆவுது. ஆவணி பொறந்துட்டு, நான் இன்னும் எண்ணாகமத்தத் தாண்டல.

ஜெபமும் கெட்டுப்போச்சு சார். முன்னால நான் குடும்ப ஜெபம் பண்ண ஆரம்பிச்சா, ஞானதீபம் அடுப்ப அணைச்சிட்டுத்தான் வந்து உக்காருவா, கால் மணி நேரம் ஆகும்னு அவளுக்குத் தெரியும். பிஷப்புல இருந்து பிரதமர் வரைக்கும் எல்லாருக்காகவும் கேப்பேன். இப்பம் ரெண்டு வாக்கியத்துல வாய் கட்டிரும். அவ கண்ணத் தெறந்து பாப்பா, முடிஞ்சுதான்னு. ஐயருகிட்ட சொன்னேன், உங்க நோட்டால எனக்கு இருந்த விசுவாசமும் கொறைஞ்சிட்டுன்னு. அவரு சொல்லுதாரு, இப்பம்தான் அண்ணே வளருதுன்னு. அவருக்கு என்ன, வயசு முப்பத்திரண்டு, எதையும் சொல்லுவாரு.

சொல்லுதேன், சொல்லுதேன், உங்க கையெழுத்து எதுக்குன்னுதான வாரேன்.

யாத்திராகமத்துல பத்துக் கட்டளை இருக்குல்லா. எட்டாவதுக்கு ஒண்ணு எழுதினேன், பத்தாவதுக்கு ஒண்ணு எழுதினேன். ஒன்பதாவது வெறுங்கட்டமாக் கெடந்துது. பிறத்தியானப் பத்திப் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாதுன்னு இருக்கே, அது. ஐயரு நோட்டத் திருப்பிக்கிட்டே வந்தவரு அங்கன நின்னுட்டாரு. இது என்ன அண்ணே, மூணு கட்டமும் காலியா இருக்கு? நான் கோர்ட்டு வாசப்படி மிதிச்சதே இல்ல ஐயரே, நான் யாருக்குச் சாட்சி சொன்னேன்னு கேட்டேன். சரின்னு நோட்டக் கையில குடுத்துட்டு பைக்க எடுத்துட்டுப் போயிட்டாரு. அவரு ஒரு பிரசங்கம் பண்ணியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன் சார். பிரசங்கத்துக்கு அசையுத ஆளா நான்? எத்தனை பிஷப்பு பிரசங்கத்த முழுசாத் தாண்டி வந்திருக்கேன். அவரு ஒண்ணும் சொல்லாமப் போனதுதான்...

பெறகு ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தேயுல இருந்து வாசிக்காங்க. காணிக்கை கொண்டு வரும்போது, உன் மேல ஒருத்தனுக்கு மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கனயே வச்சிட்டு மொதல்ல அவங்கிட்டப் போய் ஒப்புரவாகுன்னு. எனக்கு மனப்பாடம் சார் அது, போட்டில சொல்லிப் பரிசு வாங்கினவன். ஆனா போன்னு போட்டிருக்கது அன்னைக்குத்தான் காதுல விழுந்துது. செத்த நேரத்துல காணிக்கைப் பை வருது. கவரு எங்கையில இருக்கு. போடவும் முடியல, மடக்கி வைக்கவும் முடியல. பை பிடிச்சிருக்கவரு எம் மூஞ்சியப் பாக்காரு, நான் பையப் பாக்கேன். ஞானதீபம் முழங்கையால இடிக்கா. பின் வரிசைல இருமுதாங்க. கவர எடுத்துச் சட்டைப் பைக்குள்ள வச்சிட்டேன். நான் வீடு போய்ச் சேருததுக்குள்ள, வேதச் சிங்கு காணிக்கை போடலன்னு தெரு முழுக்கத் தெரிஞ்சிட்டு.

அன்னைக்கு உங்ககிட்ட வந்திருக்கணும். வரல. அதுக்குப் பெறகும் ரெண்டு மாசம் வரல. முந்தாநாளுதான் கெளம்பினேன், அன்னைக்கும் மொதல்ல ஜெஃப்ரி அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன்.

டம்ளரக் கீழ வச்சிட்டீங்க. தெரியும் சார், அந்தப் பேரு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. எழுந்திருக்காதீங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க, நான் இதுக்குத்தான் வந்தேன்.

ரெண்டு பேரும் எப்படி இருந்தீங்க! நீங்க க்வயர் மாஸ்டர், அவரு ஆர்கன். நீங்க கையத் தூக்குததுக்கு முன்னாலயே அவரு விரலு கட்டையில இருக்கும். உங்க வீட்டுக் கல்யாணம்னா அவருதான் பந்தி விசாரிப்பாரு. அந்த ஒரு கிறிஸ்மஸுக்கு உங்களுக்குத் தொண்டை கட்டிட்டு. ஆராதனைக்கு அர மணி நேரம் இருக்கும்போது, ஐயரு அங்கி மாத்துத வெஸ்ட்ரி ரூமுக்குள்ள வச்சு வெந்நில ஒரு கரண்டி பிராந்தி கலந்து குடுத்தாரு ஜெஃப்ரி அண்ணன். மருந்துக்குத்தான். உங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. அடுத்த மாசம் நீங்க வாத்தியாரா இருந்த பள்ளிக்கூடத்து ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போகுது. ஜேசுபாதம் சாரு குடிச்சிட்டு க்வயருக்கு வாராரு, பள்ளிக்கூடத்துக்கும் வாராரு, வெஸ்ட்ரிக்குள்ளயே பிராந்தி குடிக்காருன்னு. விசாரணை வச்சாங்க. நாசரேத்துக்கு அங்கிட்டு, செம்மணல் தேரிக்காட்டுக்குள்ள ஒத்த வாத்தியாரு பள்ளிக்கூடத்துக்கு உங்களத் தூக்கிப் போட்டாங்க. எட்மாஸ்டர் போஸ்ட்டு கைக்கு வந்தது போச்சு. கோயிலும் வேண்டாம், பாட்டும் வேண்டாம்னு விட்டுட்டீங்க. பிராந்தி விஷயம் ஜெஃப்ரிக்கு மட்டும்தான தெரியும், அவன்தான் எழுதியிருக்கான்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. அதுக்குப் பெறகு அவரு மூஞ்சில முழிக்கல.

நான் சொல்லுததுல தப்பு இருக்கா? இல்லல்லா.

இன்னொண்ணு கேக்கேன். அதே கிறிஸ்மஸுக்கு முந்தி கேரல் பிராக்டீஸ்ல, எல்லாரும் நிக்கும்போது, எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. ஏலே ஜெபசிங், நீ வாய மட்டும் அசை, சத்தம் வெளிய வராண்டாம்னு. ஞாபகம் இருக்கா? யோசிச்சுப் பாருங்க. லேடீஸ் பக்கமெல்லாம் சிரிச்சாங்க. ஞானதீபமும் அங்கன நின்னா. அஞ்சு நாள் ஊர்ல கேரல் போனோம், அஞ்சு நாளும் நான் வாயத்தான் அசைச்சேன்.

ஞாபகமே இல்லியா? மன்னிச்சிருன்னு நீங்க எதுக்கு சார் கேக்கீங்க. அய்யோ, கேக்காதீங்க. வேண்டாம் சார். உங்களுக்கு ஞாபகமே இல்லன்னு தெரியாம நான் இவ்வளவு காலம்...

டீய எடுத்துக்கோங்க சார், ஆறுது. பரிசா? பரிசு போன ஞாயித்துக்கிழமையே குடுத்து முடிச்சாச்சு. தையக்கடை அக்கா ஒருத்தங்க வாங்கினாங்க, குக்கரு. நான் ரெண்டு நோட்டு வாங்கினேம்லா, ஒண்ணுல பாதிகூட ரொம்பல. எம் பேரக்கூட வாசிக்கல. அப்பம் இந்தக் கையெழுத்து எதுக்குன்னு கேக்கீங்க. கையெழுத்துக்காகன்னு சொன்னாத்தான் என்னால உங்க வாசப்படி ஏற முடிஞ்சுது சார், அதுக்குத்தான்.

அந்தக் கடுதாசி ஜெஃப்ரி அண்ணன் எழுதல. நான்தான் எழுதினேன். எடது கையால எழுதினேன், கண்டுபிடிச்சிரக்கூடாதுன்னு. அந்தக் கிறிஸ்மஸ் அன்னைக்கு வெஸ்ட்ரி ஜன்னலுக்கு வெளிய ஷூ லேசு கட்டிக்கிட்டு நின்னேன், உள்ள பேசினது கேட்டுது. ஹார்பர் ஷெட்டுல டாலி ஷீட்டுக்குப் பின்பக்கம் ரெண்டு தடவ எழுதிப் பழகிட்டு, பெறகு வெள்ளத்தாள்ல எழுதினேன். உச்சில ஒரு வசனம் போட்டேன், குடிகாரங்களப் பத்தினது. வசனம் போட்டா நம்ம ஆளுக நம்புவாங்கன்னு தெரியும். இத்தனை வருஷத்துல வேதத்த வாசிச்சு நான் ஒரு காரியம் செஞ்சேன்னா, அது அந்த ஒண்ணுதான் சார்.

நீங்க வீடு காலி பண்ணும்போது சாமான் ஏத்த நானும் வந்தேன், ஞாபகம் இருக்கா? கட்டிலுக்குக் கயிறு கட்டினது நான்தான். ஜெஃப்ரி இப்படிச் செய்வான்னு நெனைக்கவே இல்லலேன்னு எந்தோளப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க. மனுசங்கள நம்ப முடியாது சார்னு நான் பதில் சொன்னேன். சொல்லிட்டுக் கயித்த இறுக்கினேன். வெக்கமா இருக்கு சார். இந்தா உங்க முன்னால உக்காந்து டீ குடிக்கது எனக்கு வெக்கமா இருக்கு.

ஏசுங்க சார். அடிச்சாலும் சரி.

ஜெஃப்ரி அண்ணன்கிட்ட இதே மாதிரிதான் சொன்னேன். வீட்டுலயும் ஆர்கன் ஸ்டூல்லயே உக்காந்திருந்தாரு, முட்டி ரெண்டும் போயிட்டு அவருக்கு, எழும்ப முடியாது. நீதானாலேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எனக்கு. பெறகு அவராச் சொல்லுதாரு, எழுதினவன் எவனா இருந்தா எனக்கென்ன, ஜேசுபாதம் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே நம்பிட்டான் பாத்தியா, அதுதாம்லே எனக்கு இத்தனை வருஷமும் தீரலன்னாரு. சொல்லிட்டு அழுதாரு. நான் என்ன செய்ய? தண்ணி மோந்து குடுத்தேன், வாங்கிக்கிடல.

இன்னைக்குக் காலைல போன் பண்ணி, புதுக்கோட்டைக்குப் போகும்போது என்னையும் ஏத்திக்கிட்டுப் போன்னாரு. ஆட்டோல கூட்டியாந்திருக்கேன் சார். தெரு முக்குல நிக்கி. உள்ள வர மாட்டேன், ஜேசுபாதம் கூப்பிட்டா வாரேன், கூப்பிடலன்னா ஆட்டோவத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருன்னு சொல்லித்தான் ஏறினாரு. நீங்க வரச்சொன்னா நான் போய்க் கைத்தாங்கலாக் கூட்டியாரேன். வேண்டாம்னா இப்படியே நான் போயிருதேன். என்னைய மன்னிக்கணும்னு கேக்கல. அது பெறகு. அது இல்லன்னாலும் பரவாயில்ல. அவரு ஒரு மணி நேரமா வெயில்ல உக்காந்திருக்காரு, அதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லுங்க சார்.

சார்?

சார், எங்க போறீங்க? நான் போய்க் கூட்டியாரேம்லா. மெதுவா, படி இருக்கு. சார், சட்டை போடல நீங்க. சார், செருப்பு, வெளிய தரை கொதிக்கி. அந்தப் பக்கம் இல்ல சார், தண்ணித் தொட்டிப் பக்கம். தண்ணித் தொட்டிப் பக்கம் நிக்கி ஆட்டோ.